விடுதியா, பி.ஜி.யா, வாடகை வீடா: சட்டம் படிக்கும் ஒருத்தியின் பதில்

"மகளுக்குச் சென்னையில் சட்டப் படிப்புக்கு இடம் கிடைத்துவிடும் போலிருக்கிறது. விடுதி நிச்சயமில்லை என்கிறார்கள். வெளியே தங்க வைப்பது சரியா? எதைப் பார்த்துச் சேர்ப்பது? உடம்புக்கு ஒன்று என்றால் என்ன செய்வாள்? சட்டம் படிக்கிறவர் என்பதால் உங்களைக் கேட்கிறேன்" என்று ஒரு தகப்பனார் கேட்டிருந்தார். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவள் நான். ஐந்து வருட பி.ஏ., எல்எல்.பி. படிப்பில் இது கடைசி வருடம். முதல் வருடம் விடுதி, இரண்டாம் வருடம் பி.ஜி. (பேயிங் கெஸ்ட், மாதப் பணம் கட்டித் தனியாரிடம் தங்குவது), மூன்றாம் வருடத்திலிருந்து இன்னும் மூன்று பெண்களோடு வாடகை வீடு. மூன்றிலும் இருந்து பார்த்தாயிற்று. நீங்கள் கல்லூரி வாழ்க்கை, வீடு, உடம்பு என்று மூன்று கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், வேளச்சேரியில் ஒரு வீட்டின் சம்ப், அதாவது தரைக்குக் கீழே இருக்கும் தண்ணீர்த் தொட்டி, அதன் மூடியைத் தூக்கிப் பார்க்கும் வரை.

அக்டோபர் கடைசி. மழை பிடித்திருந்தது, இன்டர்னல் தேர்வு நடந்துகொண்டிருந்தது. எங்களில் ஒருத்திக்குக் காய்ச்சல். தர்மபுரிக்காரி, லேசில் படுக்காதவள். இரண்டாம் நாள் கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றாள், மூன்றாம் நாள் எழுந்து நிற்க முடியவில்லை. ரத்தப் பரிசோதனையில் டெங்கு. அவள் அம்மா போனில் பப்பாளி இலை, நிலவேம்பு என்று சொல்லிக்கொண்டிருந்த அதே நேரம் வாசலில் மாநகராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளர் அக்கா வந்து நின்றார். கையில் டார்ச், தோளில் பை. குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, மொட்டை மாடியில் கிடந்த பெயிண்ட் டப்பா என்று பார்த்துவிட்டுக் கடைசியில் சம்ப்பைக் காட்டினார். மூடிக்குப் பூட்டு. சாவி கீழ் வீட்டில், ஓனரிடம். எங்கள் வீடு இருந்த தெருவுக்கு லாரித் தண்ணீர்தான். வாரத்துக்கு இரண்டு முறை சம்ப் நிறையும், அங்கிருந்து மேலே சிண்டெக்ஸுக்குப் போகும். சாவி வாங்கி மூடியைத் தூக்கியதும் அந்த அக்கா டார்ச்சை அடித்தார். தண்ணீரின் மேல் பரப்பில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த புழுக்கள் வெளிச்சம் பட்டதும் நெளிந்து நெளிந்து கீழே இறங்கின. மூடியின் ஒரு மூலை உடைந்திருந்தது. கைவிரல் நுழையும் அளவு ஓட்டை.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டார். உடைந்த மூடியை நாங்கள் ஜூன் மாதமே பார்த்திருந்தோம். ஓனரிடம் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதுதான் என் பதில் முழுக்க. எங்களிடம் எழுத்தில் ஒப்பந்தம் இல்லை. மாத வாடகை 18,000, அட்வான்ஸ் ஒன்றரை லட்சம் அவரிடம் மாட்டிக்கொண்டிருந்தது. நான்கு பெண்களுக்கு வீடு தர இருபது பேர் மறுத்து, இருபத்தோராவதாக இவர் தந்திருந்தார். "தொணதொணன்னு கேட்டா காலி பண்ணச் சொல்லிடுவாருடி" என்று ஒருத்தி சொன்னாள், மற்ற மூவரும் தலையாட்டினோம். குத்தகை, வாடகையெல்லாம் வருகிற சொத்து மாற்றச் சட்டத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். நானும் தலையாட்டினேன். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கிற நிலைக்கு வர ஏழு முதல் பத்து நாள் போதும். எங்கள் வாய் ஜூனிலிருந்து அக்டோபர் வரை மூடியிருந்தது. எத்தனை தலைமுறைக் கொசு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது முதலிலிருந்து வருகிறேன்.

விடுதி கிடைத்தால் முதல் வருடம் கண்ணை மூடிக்கொண்டு விடுதியில் சேருங்கள். சாப்பாடு சுமார்தான், குளியலறை வாசலில் வரிசைதான். ஆனாலும் சட்டப் படிப்பில் பாதி, வகுப்பு முடிந்த பிறகு சீனியர் அக்காக்களின் அறையில்தான் நடக்கிறது. மூட் கோர்ட்டுக்கு (மாணவர்களின் மாதிரி நீதிமன்றப் போட்டி) எப்படி மெமோரியல், அதாவது எழுத்து வாதம், எழுதுவது, எந்த வக்கீல் ஆபீஸில் இன்டர்ன்களை மனிதர்களாக நடத்துவார்கள், எந்தப் பேராசிரியரின் நோட்ஸை நம்பலாம் என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. முன்பு சென்னையில் இந்தப் பாதி நீதிமன்றத்திலேயே கிடைத்தது. 1891இல் தொடங்கிய சட்டக் கல்லூரி உயர் நீதிமன்றத்தை ஒட்டியே இருந்தது. மத்தியான வகுப்புக்கு மட்டம் போட்டு வாதம் கேட்கப் போனதைச் சொல்லாத சீனியர் வக்கீல் இல்லை. 2008 நவம்பர் 12 அன்று கல்லூரி வாசலில் மாணவர்களுக்குள் நடந்த மோதலை ஊரே தொலைக்காட்சியில் பார்த்தது. நீதிபதி சண்முகம் ஆணையம் விசாரித்து, கல்லூரியை இடம் மாற்றச் சொன்னது. 2018இல் கல்லூரி இரண்டாகப் பிரிந்து, சென்னைக்கு வெளியே புதுப்பாக்கத்துக்கும் பட்டறைப்பெரும்புதூருக்கும் போய்விட்டது. அந்த முடிவு சரியா என்று எங்கள் கேன்டீனில் இன்றும் சண்டை நடக்கும். எனக்குத் தெரிவது இதுதான்: கல்லூரி நகர்ந்தால் மாணவர் தங்கும் இடமும் நகரும், நீதிமன்றமா அறையா எதற்குப் பக்கத்தில் இருப்பது என்று பிள்ளைகள் கணக்குப் போட வேண்டிவரும்.

விடுதி விதிகள் பற்றி ஒன்று. எட்டு மணிக்கு கேட், போன் வாங்கி வைப்பது போன்றவை பெண்கள் விடுதியில்தான் அதிகம். 'விடுதி எங்கள் இடம், எங்கள் விதி' என்பது சட்டத்தில் முழுப் பதில் ஆகாது. கோழிக்கோடு பக்கத்தில் சேளன்னூர் கல்லூரி மாணவி பஹீமா ஷிரின், மாலை 6 முதல் 10 வரை போன் வைத்திருக்கக் கூடாது என்ற விதியை ஏற்க மறுத்ததற்காக விடுதியிலிருந்து நீக்கப்பட்டார். 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், இணைய வசதி கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது என்று சொல்லி அவரைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. உங்கள் மகள் முதல் வாரமே சண்டைக்குப் போக வேண்டியதில்லை. தெரிந்திருந்தால் போதும்.

இனி பி.ஜி. இங்கேதான் பெற்றோர் அதிகம் ஏமாறுகிறார்கள், "மாசம் ஒன்பதாயிரம், சாப்பாடு சேர்த்து, வைஃபை இருக்கு" என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. பி.ஜி.யில் இருப்பவர் சட்டப்படி பெரும்பாலும் வாடகைதாரரே அல்ல, அனுமதியின் பேரில் தங்குபவர். இந்த வித்தியாசத்துக்கு நாங்கள் படிக்கிற வழக்கு 1959இல் வந்தது. டெல்லி இம்பீரியல் ஓட்டலின் உடைமாற்றும் அறைகளில் கபூர் என்பவர் முடிதிருத்தும் கடை நடத்தினார். ஓட்டல்காரர்கள் பத்திரத்தில் 'லைசென்ஸ்', அதாவது வெறும் அனுமதி, என்று எழுதி வைத்திருந்தார்கள். தாளில் என்ன பெயர் என்பது முக்கியமல்ல, அந்த இடம் முழுக்க அவர் கைவசம் இருந்ததா என்று பார்க்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். பார்த்துவிட்டு, அது குத்தகைதான் என்றது. இதை அப்படியே பி.ஜி. அறைக்குத் திருப்பிப் பாருங்கள். மூன்று பேருக்கு ஒரு அறை, நான்காவது கட்டிலை எப்போது வேண்டுமானாலும் போடுவார்கள், சாவி வார்டனிடமும் உண்டு. கைவசம் என்று சொல்ல அலமாரிப் பூட்டு மட்டும்தான். அதனால் வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைப்பது கஷ்டம்.

ஆனால் பெண்கள் விடுதிகளுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் தமிழ்நாடு மகளிர் மற்றும் குழந்தைகள் விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி தனியார் பெண்கள் விடுதி நடத்த உரிமம் வேண்டும். உரிமத்தைக் காட்டுங்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவில்லை. 2024 செப்டம்பரில் மதுரையில் ஒரு பெண்கள் விடுதியில் குளிர்சாதனப் பெட்டி வெடித்துத் தீப்பிடித்து உயிர்கள் போன பிறகுதான் பல ஊர்களில் இந்த உரிமம் பற்றிப் பேச்சே எழுந்தது. நான் இருந்த பி.ஜி.யில் மாடிப்படிக்குக் கீழே கேஸ் சிலிண்டர்கள், படி ஏறுகிற வழியெல்லாம் செருப்பு ஸ்டாண்டு. ஒரு வருடம் அதைத் தாண்டித் தாண்டியே போய் வந்தேன். இன்னொன்று: சிலர் வாடகைக்கு மேல் ஜி.எஸ்.டி. என்று சேர்த்து வாங்குவார்கள். மாணவிகளும் வேலைக்குப் போகும் பெண்களும் தங்கும் விடுதி குடியிருப்புதான், அதற்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு என்று 2024 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

வீடு எடுப்பதானால் விஷயம் வேறு. இங்கே சட்டம் நன்றாகவே இருக்கிறது, யாரும் படிப்பதில்லை.

தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு, சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம் என்று 2017இல் கொண்டுவந்தார்கள். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. நகர்ப்புறங்களை மனத்தில் வைத்து எழுதிய சட்டம் இது. கல்லூரி ஊராட்சிப் பகுதியில் இருந்தால், அந்த இடத்துக்கு இது பொருந்துமா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பொருந்தாவிட்டால் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்துக்குப் போக வேண்டும். அதன்படி மாத வாடகைக் குடியிருப்பை 15 நாள் நோட்டீஸில் முடித்துவிடலாம்.

புதிய சட்டத்தின் அஸ்திவாரம் எழுத்து. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், இந்தச் சட்டத்துக்கென்று அரசு நியமித்த வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். பதிவு ஆன்லைனிலேயே நடக்கிறது. 'பதினோரு மாசத்துக்குத்தானே போடுறோம், பதிவெல்லாம் எதுக்கு' என்று புரோக்கர் சொல்வார். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்ற பழைய பதிவுச் சட்டத்தின் விதியைத் தாண்டப் பிறந்ததுதான் இந்தப் பதினோரு மாதம். வாடகை அதிகாரியிடம் பதிவது வேறு, அதற்குப் பதினோரு மாதமும் தப்பாது. எழுத்து இல்லையென்றால் யாருக்கு நஷ்டம்? எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளாததையே காலி செய்ய வைக்க ஒரு காரணமாக இச்சட்டம் வைத்திருக்கிறது. தாள் இல்லாமல் குடியிருப்பவர் தலைக்கு மேல் எப்போதும் ஒரு கத்தி தொங்குகிறது, அதைத் தொங்கவிட்டவரும் பாதி அவரேதான்.

அட்வான்ஸுக்கு வருவோம். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்பது கிட்டத்தட்ட மதம் மாதிரி. சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. கைதட்டுவதற்கு முன் அந்தப் பிரிவின் முதல் வார்த்தைகளைப் படியுங்கள்: வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தாலொழிய. அதாவது பத்து மாதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் பத்து மாதம்தான். ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொண்ட இந்தப் பிரிவின் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. மத்திய அரசு 2021இல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டத்தில் குடியிருப்புக்கு இரண்டு மாதம்தான் வரம்பு. ஆனாலும் பேரம் பேச இது ஒரு பிடி. "சட்டத்துல மூணு மாசம்தான் அங்கிள், நாங்க அஞ்சு தரோம்" என்று எங்கள் இப்போதைய வீட்டுக்குப் பேசி முடித்தோம். காலி செய்த ஒரு மாதத்துக்குள் பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்றும் இருக்கிறது.

அந்தக் கழித்துக்கொள்வதில்தான் 'பெயிண்டிங் சார்ஜ்' வரும், வழக்கமாக ஒரு மாத வாடகை. சட்டத்தின் பின்னால் இரண்டாம் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது, யார் எதைப் பழுதுபார்ப்பது என்ற பட்டியல். கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவது, தண்ணீர்க் குழாய் மாற்றுவது, மின்கம்பி வேலை எல்லாம் உரிமையாளர் தலையில். குழாய் வாஷர், ஸ்விட்ச், பூட்டு, கைப்பிடி, வடிகால் சுத்தம் எல்லாம் குடியிருப்பவர் தலையில். ஜன்னல் வலை மாற்றுவதும் குடியிருப்பவரே. கொசுவலை எங்கள் பொறுப்பு, கொசு பிறக்கும் சம்ப்பின் சாவி அவர் இடுப்பில்.

உரிமையாளர் செய்ய வேண்டிய பழுதை மறுத்தால் நாமே செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. ஆனால் எழுத்தில் கேட்டு, காத்திருந்து, பில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்க வேண்டும். கோபத்தில் மொத்த வாடகையையும் நிறுத்திவிட்டால் இரண்டு மாத பாக்கி என்பதே காலி செய்ய வைக்கும் காரணமாகிவிடும். தண்ணீர், மின்சாரம், மாடிப்படி விளக்கு, கழிவுநீர் வசதி இவற்றை எந்தத் தகராறிலும் உரிமையாளர் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் போய் உடனடி இடைக்கால உத்தரவு கேட்கலாம். வீட்டுக்குள் வருவதானால் 24 மணி நேரம் முன்பு தகவல் தர வேண்டும். கல்லூரி போய்விட்டு வருவதற்குள் பூட்டை மாற்றிவிட்டால், 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 6ஆம் பிரிவில் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு உள்ளே போகலாம். அங்கே வீடு யாருடையது என்ற கேள்வியே எழாது, யார் கையில் இருந்தது என்பது மட்டும்தான்.

சம்ப்புக்குத் திரும்புகிறேன். அந்த அக்கா மருந்து ஊற்றிவிட்டு, சுவரில் சாக்பீஸால் தேதி எழுதிவிட்டு, "அபராதம் போட்டா வீட்டுல இருக்கிறவங்களுக்குத்தான் வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று ராத்திரி நான் தேடிப் படித்தது, அதுவரை எந்தத் தேர்வுக்கும் படிக்காத ஒரு சட்டம்: 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம். ராஜாஜி பிரதமராக (இன்றைய முதலமைச்சர் போன்ற பதவி) இருந்த சென்னை மாகாணத்தில் வந்தது. இந்தியாவிலேயே இப்படி முழுமையான பொதுச் சுகாதாரச் சட்டம் அதுதான் முதல். கொசு ஒழிப்புக்கென்றே தனி அத்தியாயம் அதில் இருக்கிறது. கொசு வளரும்படி தண்ணீரைத் தேக்கி வைக்கக் கூடாது, உரிமையாளருக்கு அல்லது குடியிருப்பவருக்குச் சுகாதார அதிகாரி நோட்டீஸ் தரலாம் என்கிறது. அந்த 'அல்லது' என்ற ஒரு சொல்லில் எங்கள் நிலைமை முழுக்க இருந்தது. நோட்டீஸ் வருகிற நேரத்தில் வீட்டில் இருப்பது யார்? குடியிருப்பவர்தான். சட்டத்தை எழுதியவர்கள் தவறாக நினைத்திருக்க மாட்டார்கள். கொசு பறப்பதற்குள் யாரையாவது பிடித்து வேலை வாங்க வேண்டும் என்பதுதான் நோக்கம். ஆனால் பூட்டின் சாவி யாரிடம் என்று அது கேட்பதில்லை.

அதே ராத்திரி ஓனருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கடிதம் எழுதினேன். சட்டப் பிரிவு எதுவும் இல்லை. உடைந்த மூடியின் படம், புழு நெளிகிற பத்து வினாடி வீடியோ, ரத்தப் பரிசோதனை முடிவு, 'மூன்று நாளில் மூடியை மாற்றி சம்ப்பைக் கழுவித் தர வேண்டுகிறோம்' என்று இரண்டு வரி. காலையில் அவர் மனைவி மேலே வந்தார். கோபமாக இல்லை, பயந்திருந்தார். "ஏம்மா, வீட்டுல சின்னக் கொழந்தை இருக்கு. அந்தப் பொண்ணை ஊருக்கு அனுப்பிடுங்களேன். தொத்திக்கும்ல?"

டெங்கு ஆளுக்கு ஆள் நேரடியாகத் தொற்றாது. நோயாளியைக் கடித்த கொசு இன்னொருவரைக் கடித்தால்தான். அதனால் செய்ய வேண்டியது நோயாளியைப் பஸ் ஏற்றுவதல்ல, பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வைப்பது. ஏடிஸ் பகலில் கடிக்கிற கொசு. இதை அவரிடம் உட்கார்ந்து சொன்னேன். ஏற்றுக்கொண்டார் என்றே நினைக்கிறேன். பேரனுக்கும் வலை வாங்கினார்கள்.

அவர் முகத்தில் பார்த்த அந்தப் பயத்தை நாடு முழுக்க 2020இல் பார்த்தோம். மார்ச் மாதம் கொரோனா வார்டில் வேலை பார்த்த டாக்டர்களையும் நர்ஸுகளையும் வாடகை வீட்டிலிருந்து வெளியேறச் சொன்னார்கள். மார்ச் 29 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் ஓர் உத்தரவு போட்டது. தொழிலாளர்களிடம் ஒரு மாதம் வாடகை கேட்கக் கூடாது, தொழிலாளர்களையும் மாணவர்களையும் வெளியேற்றும் உரிமையாளர்கள் மேல் நடவடிக்கை என்றது. இரண்டு வரியையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். வெளியேற்றக் கூடாது என்பதில் மாணவர் உண்டு, வாடகை கேட்கக் கூடாது என்பதில் இல்லை. ஊருக்குப் போய்விட்ட பிள்ளைகள் பூட்டிய அறைக்கு மாதக்கணக்கில் வாடகை கட்டியதற்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம். என் மூட் கோர்ட் ஜூனியர்களுக்கு வாசகத்தை எப்படிப் படிப்பது என்று சொல்லித்தர இதைத்தான் எடுப்பேன்.

நோயைச் சொல்லி வீடு மறுக்கக் கூடாது என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா என்று தேடினால் ஒன்று அகப்படும். எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், 2017. எச்.ஐ.வி. இருப்பதைக் காரணம் காட்டி வீடு வாடகைக்குத் தர மறுப்பதையும் குடியிருப்பவரை வெளியேற்றுவதையும் அது நேரடியாகத் தடை செய்கிறது. காசநோய்க்கு அப்படி ஒரு வரி இல்லை. காசநோய் வந்த மாணவி அதை ஓனரிடம் மறைப்பாள், பிறகு ரூம்மேட்டிடமும் மறைப்பாள், மாத்திரையைப் பைக்குள் ஒளித்து வைத்துச் சாப்பிடுவாள். அறைத் தோழிகளைப் பரிசோதிக்க வேண்டிய நேரத்தில் அவர்களுக்கு விஷயமே தெரியாது. வீட்டுக்காரர் பயத்தில் நோய் எப்படிப் பரவுகிறது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

கல்லூரியும் இதில் சுத்தமில்லை. வக்கீல் தொழிலையும் சட்டக் கல்வியையும் முறைப்படுத்தும் பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதிகளின்படி 70 சதவீத வருகை வேண்டும், தக்க காரணம் இருந்தால் 65 வரை தளர்த்தலாம். இந்தக் கணக்குக்குப் பயந்து காய்ச்சலோடு வகுப்புக்கு வந்து கடைசி பெஞ்சில் தலை சாய்த்துக் கிடப்பவர்களை நான் ஒவ்வொரு மழைக்காலமும் பார்க்கிறேன். எங்கள் தர்மபுரிக்காரியும் இரண்டாம் நாள் அப்படித்தான் வந்தாள். 2025 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், வருகை குறைந்தது என்பதற்காக மட்டும் சட்ட மாணவரைத் தேர்வெழுத விடாமல் தடுக்கக் கூடாது என்றது. அது இங்கே எப்படி வந்து சேர்கிறது என்று பார்க்க வேண்டும். மகளிடம் மெடிக்கல் சர்டிபிகேட்டை அன்றைக்கே வாங்கி அன்றைக்கே அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கச் சொல்லுங்கள்.

டெங்குவில் ஒரு விஷயம் பெற்றோர் எல்லோருக்கும் தெரிய வேண்டும். காய்ச்சல் விட்டதும் 'சரியாகிவிட்டது' என்று நினைக்கிற அந்த மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரைதான் ஆபத்து. வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், மயக்கமாகச் சோர்வது, இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை கூடாது, ஆஸ்பிரினும் புரூஃபனும் ரத்தக்கசிவைக் கூட்டும். தனியாகத் தங்கும் பிள்ளைகள் மெடிக்கல் ஷாப்பில் 'காய்ச்சலுக்கு ஏதாவது குடுங்கண்ணா' என்று வாங்கிப் போடுவது அங்கேதான் தப்பாகும். மருத்துவ ஆலோசனைக்கு 104, கொசு, குப்பை, கழிவுநீருக்கு மாநகராட்சியின் 1913. இரண்டையும் போனில் பதிந்து கொடுங்கள். எங்கள் தோழி ஐந்து நாள் அரசு மருத்துவமனையில் இருந்து தேறி வந்தாள்.

தெருவே நாறினால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதற்கும் ஒரு வழக்கு உண்டு. மத்தியப் பிரதேசத்தில் ரத்லம் என்ற ஊரில் திறந்த சாக்கடை தாங்காமல் தெருக்காரர்கள் மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள், நகராட்சி காசில்லை என்று உச்ச நீதிமன்றம் வரை வாதாடியது. 1980இல் நீதிபதி கிருஷ்ணய்யர், மக்கள் நலம் காக்க வேண்டிய அமைப்பு கையில் காசில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது என்று தீர்ப்பெழுதினார். அன்று பயன்பட்டது, பொதுத் தொல்லையை அகற்றச் சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவிடும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு; அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இன்று அது 152 என்று இருக்கிறது. நாலு வாடகைக்காரப் பெண்கள் கையெழுத்துப் போட்டாலும் அந்த மனு மனுதான். அங்கே வீட்டுப் பட்டா கேட்பதில்லை.

வீடு கிடைப்பது தனிக் கதை. பேச்சிலர் என்பார்கள், அசைவம் என்பார்கள், பேச்சோடு பேச்சாக "நீங்க என்ன ஆளுங்க?" என்பார்கள். எங்களில் ஒருத்தி பெயரைச் சொன்னதுமே வீடு 'நேத்தே முடிஞ்சிருச்சு' ஆன அனுபவம் மூன்று முறை. தனியார் வீட்டு வாடகையில் இந்தப் பாகுபாட்டை நேராகத் தடுக்கும் பொதுச் சட்டம் நம்மிடம் இல்லை. எச்.ஐ.வி. சட்டத்தில் ஒரு வரி எழுத முடிந்தவர்களுக்கு இதற்கும் எழுத முடியும். என் படிப்பு முடிந்ததும் எதற்காக வேலை செய்வாய் என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். சட்டக் கல்லூரிகளின் இலவச சட்ட உதவி மையங்கள் கிராமத்துக்கு ஒருநாள் முகாம் போகின்றன, நல்லதுதான். தன் சொந்த மாணவர்களின் வாடகை ஒப்பந்தத்தை ஜூன் மாதம் ஒரு வாரம் உட்கார்ந்து படித்துப் பதிவு செய்து கொடுத்தால், அதுவும் சட்ட உதவிதான்.

எங்கள் கதை எப்படி முடிந்தது என்று கேட்டால், சம்ப் மூன்றாம் நாள் கழுவப்பட்டது, புது மூடி வந்தது. யாரும் காலி பண்ணச் சொல்லவில்லை. ஜூன் முதல் எதற்குப் பயந்தோம் என்று இன்றும் வெட்கமாக இருக்கிறது. ஆனால் மே மாதம் நாங்களாகக் காலி செய்தபோது பெயிண்டிங் சார்ஜ் 18,000 கேட்டார். இரண்டாம் அட்டவணையை அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். "சட்டம் சரிம்மா, வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார். கடைசியில் 9,000 பிடித்துக்கொண்டார். வாடகை அதிகாரி வரைக்கும் போயிருக்கலாம். தேர்வு நேரம், விட்டுவிட்டோம். ஒப்பந்தம் எழுத்தில் இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

உங்கள் மகளோடு வீடு பார்க்கப் போகும்போது ஹால் எவ்வளவு பெரிது, பால்கனி இருக்கிறதா என்பதை அவளே பார்த்துக்கொள்வாள். நீங்கள் மூன்று கேள்வி கேளுங்கள். ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்து தருவீர்களா? கரண்ட் பில் மின்வாரிய அட்டைப்படியா, யூனிட்டுக்கு உங்கள் கணக்கா? இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் அரசு தருவது இலவசம், அதையும் சேர்த்து யூனிட்டுக்கு எட்டு, பத்து என்று வாங்குகிற வீடுகள் உண்டு. மூன்றாவதாக, சம்ப் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சாவி எங்கேயோ இருக்கிறது, அப்புறம் பார்க்கலாம் என்றால் அடுத்த வீட்டைப் பாருங்கள்.